காலறிந்த பலகை

வீடு கட்டுவதைப் பற்றியும், கட்டிய வீட்டை அலங்கரிப்பதைப் பற்றியும் எழுதுவோர் பலர். ஆயினும் ஒருவரும் அமராத, ஒருவரும் உறங்காத, விருந்தினருக்கு நாம் அழைத்துச் சென்று காட்டாத இடங்கள் இரண்டு மாடி வீடுகளில் உண்டு. அறைகளை இணைக்கும் நடை ஒன்று. மாடிப்படி பாதி ஏறித் திரும்புமிடத்திலுள்ள சிறு மேடை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் பலகை தேர்ந்தெடுக்க எமக்கு ஐந்து மாதங்கள் சென்றன என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் தொடக்கத்தில் ஐந்து நாள் வேலை என்றே எண்ணினோம்.

'நடை' என்னும் சொல்லைச் சிறிது கவனித்தல் நன்று. நடத்தலும் நடை; நடக்கும் வழியும் நடை; ஒழுக்கமும் நடை; எழுதும் பாங்கும் நடை. கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவராதலின் இத்தகைய சொல்லாராய்ச்சியில் எமக்கு ஆசை மிகுதி. ஆயின் கறையான் சொல்லாராய்ச்சிக்கு அஞ்சுவதில்லை.

எமது இல்லம் திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்கு அண்மையில் உள்ளது. பிரித்தானியக் கடற்படையின் களஞ்சியத்தில் பணியாற்றிய எமது பாட்டனார் 1930களின் பிற்பகுதியில் அதனைக் கட்டினார். கீழே சீமெந்துத் தரை. மேலே, சுவருக்குச் சுவர் கிடத்திய தீராந்திகளின்மீது பலகைத் தரை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது ஓடுகள் சில பெயர்ந்தன. பலகை அசையவில்லை என்பார்கள். 1957இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட பின்னர் பாட்டனார் ஓய்வு பெற்று, அந்த நடையிலேயே மாலைதோறும் உலாவினாராம். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கதவுகளும் நிலைகளும் போயிருந்தன. நடைப் பலகை ஒன்றின் விளிம்பில் அலவாங்கு பாய்ந்த வடு மட்டும் இருந்தது. யாரோ பெயர்க்க முயன்று, முடியாமல் விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் தாங்கிய பலகையைச் சென்ற மாரியில் கூரை ஒழுக்கு வென்றுவிட்டது. ஈரம் சுவர்வழியே இறங்கியது. ஈரத்தைத் தேடிக் கறையான் ஏறியது. நடையில் சுவரோரமாகக் கிடந்த மூன்று வரிசைகள் தொட்ட மாத்திரத்தில் பொடியாக உதிர்ந்தன. படிமேடையோ நீர் நின்று ஊறி, நடுவில் மிதித்தால் தாழ்ந்தது.

கிண்ணியாவிலிருந்து ஓடாவியார் ஒருவரை அழைத்தோம். அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய வாப்பா மரத்தோணிகள் கட்டியவர். கடலிலே கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபின் மகன் கதவு, யன்னல் என்று கரையேறிவிட்டார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறித் தம் ஆயுதப் பெட்டியுடன் நகருக்கு வருவாராம். அவர் நடையின் ஓர் அந்தத்தில் குந்தியிருந்து, சிதையாத பலகை ஒன்றைச் சுரண்டி, முகர்ந்து பார்த்து, "மாஸ்டர், இது சமண்டலை" என்றார்.

சமண்டலை என்றும் சவண்டலை என்றும் நம்மவர் வழங்கும் இம்மரத்தைச் சிங்களத்தில் 'ஹல்மில்ல' என்பர். மதராஸில் வாழ்ந்த டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி என்பவரின் நினைவாகத் தாவரவியலார் அதன் குலத்துக்குப் 'பெர்ரியா' எனப் பெயரிட்டனர். ஆங்கில வணிகர் வைத்த பெயரோ இன்னும் சுவையானது: 'திருகோணமலை மரம்'. மதராஸுக்குச் செயற்கைத் துறைமுகம் அமையாத காலத்தில், கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட, மக்களும் மூட்டைகளும் மசூலா என்னும் படகுகளிலேதான் அலை கடந்து கரை சேர்ந்தனர். ஆணியில்லாமல் கயிற்றினால் தைக்கப்பட்ட படகுகள் அவை. அலை அறையும்போது முறியாமல் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்கேற்ற நெகிழ்ச்சியும், கடற்புழுவுக்கு இடங்கொடாத தன்மையும் உடையதென்று சமண்டலையை இங்கிருந்து கொண்டு சென்றனர். 1859இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் டெனன்ற் என்பவரும் இதனைப் புகழ்ந்திருக்கிறார்.

ஊரின் பெயர் தாங்கிய கப்பல் ஒன்றும் உண்டு. 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் பம்பாயில் நீரில் இறக்கப்பட்ட 'திருகோணமலை' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. அது கட்டப்பட்டது மலபார்த் தேக்கினால். மரம் மதராஸுக்குப் போயிற்று. பெயர் பம்பாய்க்குப் போயிற்று. எமது வீட்டு நடைக்கு மூன்று வரிசைப் பலகை கிடைக்கவில்லை!

மூன்று மரக்காலைகளில் ஏறி இறங்கினோம். மகோகனி இருந்தது, தேக்கு இருந்தது, வெளிநாட்டுப் பலகைகள் இருந்தன. சமண்டலை கேட்டதற்கு ஒருவர் சிரித்தார். மற்றொருவர், பச்சை மரம் வேண்டுமானால் அனுமதிப்பத்திரத்தோடு வருவித்துத் தரலாம் என்றார். ஓடாவியார் ஒப்பவில்லை. "மரம் வாங்கலாம் மாஸ்டர், காய்ந்த மரம் வாங்க இயலாது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலிலே காய வேணும். பச்சைப் பலகையைத் தைத்தால் கச்சானில் உங்கள் வீட்டுத் தரை சீப்பு மாதிரிப் பல் காட்டும்."

இங்கே மாணவர்களுக்காகச் சிறிது விளக்கம் கூறுதல் தகும். அறுத்த மரமும் காற்றின் ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வாழ்கிறது. நீளவாக்கில் அது வளர்வதோ சுருங்குவதோ அற்பம். குறுக்குவாக்கிலேதான் மாற்றம் அதிகம். எமது ஊரிலே ஆண்டு மழையின் பெரும்பகுதி வாடைக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரையில் பெய்கிறது. வைகாசிக்குப் பின்னர் வெப்பமான கச்சான் வீசுகிறது. ஆகவே பலகை மாரியில் பருத்துக் கோடையில் மெலியும். எமது மகள் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் கற்பவள். நடையின் அகலம் 48 அங்குலம். மரம் நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கினால் மொத்தம் ஏறக்குறைய ஓர் அங்குலம் என்று தாளிலே போட்டுக் காட்டினாள். நான்கு அங்குலப் பலகைகள் பன்னிரண்டு என்றால் ஒவ்வோர் இடைவெளியும் 2 மில்லிமீற்றர். எட்டு அங்குலப் பலகைகள் ஆறு என்றால் 4 மில்லிமீற்றர். "ஒடுங்கிய பலகைதான் அப்பா நல்லது" என்றாள். ஓடாவியார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, தம் வாப்பா கணக்கில்லாமலே இதைச் சொன்னார் என்றார். சுவரோரத்தில் அரை அங்குலம் வெளிவிட்டு, அதனை மறைக்கச் சுவரடியில் ஒரு சட்டம் அடிக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். இல்லையேல் மாரியில் பருத்த பலகை போக இடமின்றி நடுவில் எழும்பிவிடும்.

எமது மனைவியாரின் கருத்து வேறு. கொழும்பிலே உறவினர் வீட்டில் 'லமினேட்' என்னும் பலகைத் தரையைக் கண்டு வந்தவர் அவர். அது அழுத்திய மரத்தூள் அட்டையின்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் கண்ணாடிபோல் தெளிந்த கடினமான படலம் ஏற்றிய பொருள். விலை குறைவு, இரண்டு நாளில் முடிந்துவிடும், துடைப்பதும் எளிது. கூறியவை யாவும் நியாயமே. நீர் பொருத்துக்குள் இறங்கினால் அட்டை உப்பும், உப்பியது மீளாது என்று நாம் வாதாடினோம். "கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்ற மறுமொழி வந்தது. இல்லத்தில் நடைபெறும் வாதங்களில் வென்றவர் யார் என்பதைக் கணவன்மார் எழுதாதிருப்பதே மரபு.

ஏனைய மரங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். பாலை நீரில் இட்டால் அமிழுமளவு கனத்தது. முற்காலத்தில் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாகக் கிடந்தது. அறுக்கும் வாளே அழும். முதிரையின் பொன்னிறப் பளபளப்புக்கு ஈடில்லை. அதன் தூள் தச்சரின் தோலை அரிக்கச் செய்யும் என்பதை அதன் அழகை மெச்சுவோர் அறியார். அரச மரக் கூட்டுத்தாபனத்துத் தேக்கு நம்பத்தக்கது, தன் எண்ணெயினாலேயே கறையானை விலக்குவது, சுருக்கமும் குறைவு. மகோகனி இழைப்பதற்கு இனியது, எனினும் மிதிபடும் இடத்துக்குச் சற்று மென்மையானது என்றார் ஓடாவியார்.

மிதிபடும் இடம் என்றதும் ஒன்று தோன்றிற்று. பலகைத் தரையைப் பற்றிய பிறநாட்டு ஆலோசனைகள் எல்லாம் சப்பாத்துக் கால்களை மனத்திற் கொண்டவை. நாமோ செருப்பை வாசலில் விட்டு உட்புகுவோர். எமது தரைக்குப் பகை குதிச்சப்பாத்தன்று. கடற்கரையிலிருந்து பாதத்தில் ஒட்டி வரும் மணல். அதன் பருக்கை எஃகுக் கத்தியினும் கடியது. நேரே நடக்குமிடத்தில் அது உருண்டு போகும். படிமேடையிலோ பாதம் ஊன்றித் திரும்புகிறது. திரும்பும்போது மணலை அரைக்கிறது. பழைய மேடையின் உள்மூலையில் கிண்ணம்போற் குழி விழுந்திருந்ததன் காரணம் இதுவே. ஆகவே வீட்டில் எவ்விடத்துக்குக் கடினமான மரம் வேண்டுமென்றால், மேடைக்குத்தான்.

இந்த முடிவுக்கு நாம் வந்த மாலையிலேதான், இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சம்பவம் நிகழ்ந்தது.

பழைய தரையின் அமைப்பு இவ்வாறு: நடையில் பலகைகள் நீளவாக்கில் ஓடும். படிவாய்க்குச் சற்று முன்னர் இரண்டு பலகைகள் மட்டும் குறுக்கே கிடக்கும். படிமேடையில் எல்லாப் பலகைகளும் குறுக்கு. ஓடாவியார் அளவெடுத்துவிட்டு, குறுக்குப் பலகை இரண்டும் பழைய வேலை. அவற்றை நீக்கி நீளப் பலகையைப் படிவாய்வரை ஓடவிட்டால் பார்வைக்கு நடை நீண்டு தோன்றும், பொருத்தும் குறையும் என்றார். மனைவியார் மகிழ்ந்தார். நாமும் தலையசைத்தோம். அறைவாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்த எமது தாயார், எழுபத்தாறு வயதினர், அதுவரை இவ்விஷயத்தில் ஒரு சொல்லும் பேசாதவர், "தம்பி, அந்தக் குறுக்குப் பலகை இரண்டையும் எடுக்க வேண்டாம்" என்றார்.

"ஏன் அம்மா? அதில் என்ன இருக்கிறது?"

"அது கிடந்தால்தான் படி வருகிறதென்று காலுக்குத் தெரியும்."

"விளக்குத்தான் இருக்கிறதே" என்றோம்.

தாயார் மறுமொழி கூறவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். ஓடாவியார் அளவுநாடாவைச் சுருட்டுவதை நிறுத்தி, எம்மைப் பார்த்தார். எம்மினும் முன்னதாக அவருக்கு விளங்கிவிட்டது.

பின்னர் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுப் பத்திரிகையை மடிமீது விரித்து வைத்திருப்பார்; பக்கம் புரட்டும் ஒலி கேட்பதில்லை. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியை அழைப்பார். கோயிலுக்குப் போவதைக் குறைத்து, முழங்கால் நோ என்றார். ஒவ்வொரு நாளும் அவ்வீட்டில் அவரோடு வாழ்ந்தவர் நாம். மாணவர்களின் விடைத்தாளில் ஒற்று மிகாத இடத்தைக் கண்டுபிடிப்பவர் நாம். தாயின் கண் மங்குவதைக் காணவில்லை. எந்த இடத்தில் பலகை எத்திசையில் கிடக்கிறதென்பதைப் பாதத்தினால் படித்து அவர் நடமாடிக்கொண்டிருந்தார். நீளப் பலகையில் நடக்கும்போது பொருத்து பாதத்துக்கு இணையாக ஓடும். குறுக்குப் பலகையில் ஒவ்வோர் அடியும் பொருத்தைக் கடக்கும். அவ்வேறுபாட்டை அறிய எமக்கு ஓர் இரவு கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டியிருந்தது.

அவ்வாரமே கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். ஒரு கண்ணில் வெண்படலம். சத்திரசிகிச்சையால் நீக்கலாம் என்றார். மறு கண்ணில் அழுத்த நோய். போன பார்வை மீளாது, மீந்திருப்பதைக் காக்க நாள்தோறும் மருந்துத் துளி இடவேண்டும். தாயார் கேட்டது ஒன்றே: எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது. கீழ் அறைக்கு மாறும்படி மனைவியார் அன்போடு வற்புறுத்தினார். விடியற்காலையில் பத்திரகாளி அம்மன் கோயில் மணியோசை மேல் யன்னல் வழியாகத்தான் வரும் என்று தாயார் மறுத்துவிட்டார். படியின் இருபுறமும் கைப்பிடிச் சட்டம் அடிப்பதென்ற உடன்பாட்டோடு அவ்விவாதம் முடிவுற்றது. லமினேட்டைப் பற்றி மனைவியார் பின்னர் பேசவேயில்லை. அவரே ஓடாவியாரிடம், "குறுக்குப் பலகை அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இனித் தேர்வு எளிதாயிற்று. நடையிலே கறையான் தீண்டாத ஐந்து வரிசைச் சமண்டலையைப் பெயர்த்தெடுத்து, மேற்புறத்தைச் சீவி, மேடைக்கும் குறுக்குப் பலகை இரண்டுக்கும் பயன்படுத்துவது. நடை முழுவதற்கும் நான்கு அங்குல அகலத்தில் புதிய தேக்கு. பழையதும் புதியதும் ஒரே நடையில் கலந்தால் தடிப்பு ஒவ்வாமல் கால் இடறும் என்பதனால் இந்த ஏற்பாடு. தேக்கின் வழவழப்பு வேறு, சமண்டலையின் இறுக்கம் வேறு; பாதத்துக்கு இன்னும் ஓர் அடையாளம் கிடைத்ததென்று தாயார் பின்னர் சொன்னார்.

வாங்கிய தேக்கை உடனே தைக்க ஓடாவியார் விடவில்லை. சட்டங்கள் இடையிட்டு, காற்றுப் புகும்படி, மேல் அறையிலேயே ஆறு வாரம் அடுக்கி வைத்தார். எந்தக் காற்றில் கிடக்கப் போகிறதோ அந்தக் காற்றோடு மரம் பழக வேண்டுமாம். அதுவரை நாங்கள் பலகை அடுக்கைச் சுற்றி வளைந்து நடந்தோம்.

பழைய நடையில் மிதித்தால் முனகும் பலகைகள் இரண்டு இருந்தன. காய்ந்து தளர்ந்த பலகை ஆணியோடு உரசுவதால் எழும் ஒலி அது. ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள நிஜோ கோட்டையின் நடைகளில் மிதிக்கும்தோறும் பறவை கூவுவதுபோல் ஒலி எழுமென்றும், பகைவர் நுழைவதை அறிவதற்கென்றே அவ்வாறு அமைத்தனரென்றும் கூறுவதுண்டு. ஆணிகள் தளர்ந்ததால் எழும் ஒலியே அன்றித் திட்டமிட்டதன்று என்று கோட்டையிலேயே விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஊரடங்கு நாட்களில் எமது தந்தையார் இரவில் வீடு திரும்பியதை அந்த முனகல் கேட்டே தாயார் அறிந்து கண்ணயர்வாராம். புதிய தரையிலும் ஒரு பலகையை அவ்வாறு விடலாமா என்று ஓடாவியாரைக் கேட்டோம். தம் வேலையில் முனகல் வராது என்று சற்றுக் கோபித்துக்கொண்டார். நாம் வற்புறுத்தவில்லை.

மேற்பூச்சுக்குப் பளபளக்கும் வார்னிஷ் வேண்டாமென்று தீர்மானித்தோம். ஈரப் பாதம் வழுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை தேய்த்தார். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றும் என்று சொல்லி, வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் அவற்றை நீரில் நனைத்து முற்றத்தில் விரித்துப் போட்டார். இதனை அறியாத இல்லத்தார் கவனத்திற் கொள்ளத்தக்கது.

வேலை முடிந்த அன்றிரவு வீட்டார் எல்லோரும் ஏறி இறங்கிப் பார்த்தோம். மறுநாட் காலையில் தாயார் தனியாக இறங்கினார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். குறுக்குப் பலகையில் வலது பாதம் ஒரு கணம் நின்றது. கைப்பிடியைத் தொட்டு இறங்கினார். மேடையிலே திரும்பினார். அடுத்த படியில் கால் வைத்தவர், மீண்டும் மேடைக்கு ஏறினார். மறுபடி இறங்கினார்.

"தம்பி, ஓடாவியாருக்குச் சொல்லு. மேடை உயர்ந்து போயிற்று."

ஒன்றும் உயரவில்லை என்றுதான் எமக்குத் தோன்றிற்று. ஆயினும் தொலைபேசியில் அழைத்தோம். அவர் மாலையில் வந்து, மட்டப்பலகையும் அளவுகோலும் வைத்துப் பார்த்தார். பழைய மேடைப் பலகை தேய்ந்து மெலிந்திருந்தது. நடையிலிருந்து வந்த பலகை தடித்தது. கால் அங்குல வித்தியாசம். மேடைக்கு ஏறும் படி அவ்வளவு கூடி, மேடையிலிருந்து மேலே ஏறும் படி அவ்வளவு குறைந்திருந்தது.

தாயார் மேற்படியில் அமர்ந்து, "பிழையென்று சொல்லவில்லை மகன், கால் தேடுகிறது" என்றார்.

ஓடாவியார் ஒன்றும் பேசவில்லை. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, சீவுளியை எடுத்தார்.